கதைத்துத் தீர்க்க முடியாமற்போனது ஏன்? வெள்ளவத்தையிலிருந்து இரண்டு ஒஸ்லோக்களைத் திரும்பிப் பார்த்தல்

காஸாவில் குண்டு விழும் காட்சி தொலைக்காட்சியில் போய்க்கொண்டிருந்தபோது என் தம்பியின் மகன் கேட்டான்: "பெரியப்பா, இவை ஏன் இருந்து கதைச்சுத் தீர்க்க ஏலாது?" அவன் சுனாமி வந்த வருடம் பிறந்தவன். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள ஒரு தொடர்மாடியில் வளர்ந்தவன். நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் அடுத்த கேள்வியும் வந்தது: "நாங்களும் கதைச்சனாங்கள் தானே. ஆறு சுற்று நடந்ததாம். பிறகு ஏன் சரிவரேல்லை?"

இரண்டாவது கேள்விக்கு எனக்கு ஓரளவு விடை தெரியும். அந்தக் காலத்தில் இதே ஊரில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். அந்த விடையை ஒழுங்காகச் சொல்லிப் பார்த்தால் முதலாவது கேள்விக்கும் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும் என்று நினைக்கிறேன். இந்தக் கட்டுரை அதற்கான முயற்சி.

இரண்டு முரண்பாடுகளும் ஒன்றல்ல. பலஸ்தீனத்தில் நடப்பது ஓர் ஆக்கிரமிப்பு. அங்கே பேசப்படும் தீர்வு இரண்டு அரசுகள். இலங்கையில் நடந்தது ஒரே அரசுக்குள் அதிகாரம் யாருக்கு, எவ்வளவு என்ற போராட்டம். அது தனி அரசுக் கோரிக்கையாக மாறியது. ஆனால் தொடர்புகள் உண்டு. 1970களின் பிற்பகுதியில் ஈரோஸ் இயக்கத்தினர் லெபனானில் பலஸ்தீன இயக்கத்திடம் ஆயுதப் பயிற்சி பெற்றனர். 1984இல் இஸ்ரேலியர் இங்கு வந்து விசேட அதிரடிப் படைக்குப் பயிற்சி கொடுத்தனர். 1990களில் விமானப் படை வாங்கிய கிபிர் விமானங்கள் இஸ்ரேலில் செய்யப்பட்டவை. வன்னியில் வளர்ந்த எவருக்கும் அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. மறுபுறம், மஹிந்த ராஜபக்ஷ நெடுங்காலம் பலஸ்தீனத்துடனான தோழமைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். ரமல்லாவில் ஒரு வீதிக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. இவற்றுக்கு மேலாக, இரண்டு இடங்களிலும் நடுவில் நின்ற நாடு நோர்வே.

நடந்தவை, சுருக்கமாக

தமிழர் தரப்பும் கொழும்பும் முதன்முதலில் எழுத்தில் உடன்பட்டது 1957 ஜூலை 26இல். பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தம் பிராந்திய சபைகளையும், வடக்கு கிழக்கில் தமிழில் நிர்வாகத்தையும் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பதிலாகத் தமிழரசுக் கட்சி ஓகஸ்ட் 20இல் தொடங்கவிருந்த சத்தியாக்கிரகத்தைக் கைவிட்டது. 1958 ஏப்ரல் 9ஆம் திகதி ரொஸ்மீட் பிளேஸில் இருந்த பிரதமரின் வீட்டுக்கு முன்னால் பிக்குகள் வந்து அமர்ந்தனர். அன்றே ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதம் கலவரம்.

இரண்டாவது, 1965 மார்ச் 24இன் டட்லி – செல்வநாயகம் ஒப்பந்தம். இதில் மாவட்ட சபைகள் வருவதாக இருந்தது. 1968இல் அதற்கான வெள்ளை அறிக்கை வரைக்கும் போய், எதிர்ப்புக்கு அஞ்சி அரசாங்கம் அதை வைத்துவிட்டது.

1976 மே 14இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம். அடுத்த வருடத் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18 ஆசனங்கள். 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன. அந்தத் தேர்தலையொட்டித்தான் யாழ். பொது நூலகம் எரிந்தது. 1983 ஜூலை பற்றி இங்கே எழுதத் தேவையில்லை. வெள்ளவத்தையில் எரியாத ஒழுங்கைகளைத்தான் எண்ண வேண்டியிருந்தது.

1985இல் திம்பு. 1987 ஜூலை 29இல் இந்திய – இலங்கை உடன்படிக்கை, அதன் வழியாக 13ஆவது திருத்தம். 1989 – 90இல் பிரேமதாச அரசுடன் புலிகளின் பேச்சு. 1995 ஜனவரி 8இல் சந்திரிகா அரசுடன் மோதல் தவிர்ப்பு. ஏப்ரல் 19இல் திருகோணமலைத் துறைமுகத்தில் இரண்டு கடற்படைக் கலங்கள் தாக்கப்பட்டதோடு அதுவும் முடிந்தது. பிறகு 2002 பெப்ரவரி 22இன் போர்நிறுத்த உடன்படிக்கை. சத்தஹிப்பில் தொடங்கி ஹக்கோனே வரை ஆறு சுற்றுப் பேச்சுகள். 2006இல் ஜெனீவாவில் இரண்டு சந்திப்புகள். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்கால்.

ஐம்பது வருடத்தில் இத்தனை முயற்சிகள். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு தனிமனிதரின் துரோகத்தால் முறிந்தது என்றுதான் நமக்குள் பேசிக்கொள்கிறோம். பெயர்களை எடுத்துவிட்டுப் பார்த்தால், திரும்பத் திரும்ப வரும் ஆறு தடைகள் தெரிகின்றன.

முதலாவது: எதிரே இருப்பவரைவிடப் பின்னால் இருப்பவர் ஆபத்தானவர்

1957இல் பண்டாரநாயக்கவுக்கு எதிராகக் கண்டிக்குப் பாதயாத்திரை புறப்பட்டவர் ஜே.ஆர். ஜெயவர்தன. இம்புல்கொடையில் அது தடுக்கப்பட்டது. எட்டு வருடங்களின் பின் ஜே.ஆரின் கட்சியே செல்வநாயகத்துடன் ஒப்பந்தம் செய்தபோது, அதை எதிர்த்துத் தெருவில் இறங்கியது சுதந்திரக் கட்சி. 1966 ஜனவரி 8இல் தமிழ்மொழி விதிகளுக்கு எதிரான ஊர்வலத்தில் இடதுசாரிக் கட்சிகளும் சேர்ந்திருந்தன. 2000 ஓகஸ்டில் சந்திரிகா புதிய அரசியலமைப்பு வரைவைக் கொண்டுவந்தபோது ஐ.தே.க. உறுப்பினர்கள் பாராளுமன்றத்துக்குள்ளேயே அதன் பிரதிகளைக் கொளுத்தினர். இரண்டு வருடத்தில் அதே ஐ.தே.க. புலிகளுடன் மேசையில் இருந்தது. அப்போது எதிர்த்தவர் சந்திரிகா. 2003 நவம்பர் 4இல், பிரதமர் ரணில் வொஷிங்டனில் இருந்தபோது, பாதுகாப்பு, உள்நாட்டலுவல்கள், ஊடகம் ஆகிய மூன்று அமைச்சுகளையும் ஜனாதிபதி தன் கைக்கு எடுத்தார்.

இதில் யாரும் கொள்கை காரணமாக எதிர்க்கவில்லை என்பதற்கு, இடம் மாறியதும் நிலைப்பாடும் மாறியதே சாட்சி. தமிழருக்கு எதையும் கொடுப்பவரைக் காட்டிக்கொடுப்பவர் என்று அழைப்பது எதிர்க்கட்சிக்கு மிக மலிவான வழி. அந்த வழி திறந்திருக்கும்வரை அதில் நடக்க எப்போதும் ஆள் இருக்கும்.

தமிழர் பக்கத்திலும் இதே பொறிமுறைதான், வேறு கருவியுடன். தனி அரசுக்குக் குறைவான எதையும் பரிசீலிப்பவர் துரோகி என்று தொடங்கியது ஒரு காலத்தில் மேடைப் பேச்சாக இருந்தது. பின்னர் அது துப்பாக்கியின் வேலையாயிற்று.

இஸ்ரேலில் 1995 நவம்பர் 4ஆம் திகதி பிரதமர் ராபினைச் சுட்டவர் ஒரு யூதர். ஒஸ்லோ உடன்படிக்கைக்கு எதிராக அதற்கு முந்திய மாதங்களில் நடந்த கூட்டங்களில் ராபினைத் துரோகி என்றே கூவினர். பண்டாரநாயக்கவையும் 1959 செப்டெம்பரில் சுட்டது ஒரு பௌத்த பிக்குதான். அந்தக் கொலைக்குக் காரணம் வேறு. ஆனால் தன் பக்கத்தில் தான் வளர்த்துவிட்ட சக்தியைத் தானே கட்டுப்படுத்த முடியாமற்போன தலைவர் என்ற வகையில் அவருடைய கதையும் நினைவுக்கு வராமல் இல்லை.

இரண்டாவது: கடினமான கேள்வியைக் கடைசிக்கு வைப்பது

1993 செப்டெம்பர் 13இல் வொஷிங்டனில் கையெழுத்தான ஒஸ்லோ உடன்படிக்கை ஐந்து வருட இடைக்கால ஏற்பாட்டைச் சொன்னது. ஜெரூசலம், அகதிகள், குடியேற்றங்கள், எல்லை, பாதுகாப்பு ஆகிய ஐந்தும் இறுதிக் கட்டத்துக்குத் தள்ளப்பட்டன. சின்ன விடயங்களில் நம்பிக்கை வளரும், அந்த நம்பிக்கை பெரிய விடயங்களைத் தாங்கும் என்பது கணக்கு. நடந்தது எதிர்மாறு. முடிவு எப்படி இருக்கும் என்று தெரியாத காரணத்தால் இரு பக்கத்தாரும் இடைக்காலத்தைத் தங்களுக்குச் சாதகமாக நிலைமையை மாற்றப் பயன்படுத்தினர். 2000 ஜூலையில் காம்ப் டேவிட்டில் அந்தக் கேள்விகள் மேசைக்கு வந்தபோது நம்பிக்கை ஏற்கெனவே தீர்ந்துபோயிருந்தது.

இங்கும் அதே கணக்குத்தான். முதலில் இயல்புநிலை, பிறகு அரசியல் தீர்வு. 2002 டிசெம்பரில் ஒஸ்லோவில், ஐக்கிய இலங்கைக்குள், உள்ளக சுயநிர்ணய உரிமையின் அடிப்படையில் சமஷ்டித் தீர்வொன்றை ஆராய்வதென இரு தரப்பும் உடன்பட்டன. அந்தச் செய்தி வந்த அன்று வெள்ளவத்தையில் பத்திரிகைக் கடையில் கூட்டம். நானும் அந்தக் கூட்டத்தில் நின்று வாங்கினேன். ஆனால் வசனத்தில் இருந்தது 'ஆராய்வது' என்ற சொல் மட்டும். பின்னர் அன்ரன் பாலசிங்கம் தாங்கள் உடன்பட்டது ஆராய்வதற்கே, சமஷ்டிக்கு அல்ல என்று விளக்கம் கொடுத்தார். கொழும்பிலும் அந்த ஆராய்ச்சிக்கு எந்தக் குழுவும் உருப்படியாக வேலை செய்யவில்லை.

2003 ஏப்ரல் 21இல் புலிகள் பேச்சை இடைநிறுத்தினர். ஒக்டோபர் 31இல் இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபைக்கான யோசனையைக் கையளித்தனர். அதில் நிதி, நிலம், கடல்வளம் எல்லாம் சபையின் கையில். சபையில் அறுதிப் பெரும்பான்மை புலிகளிடம். காலம் ஐந்து வருடம். இடைக்காலம் என்ற பெயரில் இறுதித் தீர்வையே கேட்கிறார்கள் என்று தென்னிலங்கை பயந்தது. இறுதித் தீர்வு வராது என்று தெரிந்ததால்தான் இடைக்காலத்திலேயே கேட்டார்கள் என்று வடக்கில் சொன்னார்கள். இரண்டிலும் உண்மை இருந்தது. நான்கு நாளில் மூன்று அமைச்சுகளும் கைமாறின.

மூன்றாவது: மேசையில் பேச்சு, தரையில் வேறு

நிலம் பற்றிய அச்சம் கல்லோயாக் காலத்திலிருந்தே இருக்கிறது. டட்லி – செல்வநாயகம் ஒப்பந்தத்தில் காணி வழங்கும் வரிசை எழுதப்பட்டது: முதலில் அந்தந்த மாவட்டத்தின் காணியற்றோர், பிறகு வடக்கு கிழக்கின் தமிழ் பேசுவோர், அதன் பிறகே மற்றையோர். அது எழுதப்பட்டதோடு சரி. 1980களில் மணலாறு வெலிஓயா ஆனது.

2002இல் பிரச்சினை உயர் பாதுகாப்பு வலயங்கள். யாழ். குடாநாட்டில் மக்களின் வீடுகளிலும் தோட்டங்களிலும் இராணுவம் இருந்தது. இடம்பெயர்ந்தவர்கள் வீடு திரும்புவதைத்தான் சாதாரண ஆள் சமாதானம் என்று விளங்கிக்கொண்டான். புலிகள் ஆயுதத்தைக் களையாமல் வலயங்களைக் குறைக்க முடியாது என்று அப்போதைய யாழ். தளபதி சரத் பொன்சேகா நிலைப்பாடு எடுத்தார். படைத்துறைக் கணக்கில் அதற்கு நியாயம் இருக்கலாம். புலிகள் அதே காலத்தில் புதிய முகாம்கள் அமைத்தனர், சிறுவர்களைச் சேர்த்தனர் என்பதும் பதிவில் உள்ளது. 2003 ஜனவரியில் படைத்தணிப்புக்கும் இயல்புநிலைக்குமான உபகுழு செயலிழந்தது. வலிகாமம் வடக்கு அகதி ஒருவருக்குப் பேச்சுவார்த்தை அந்த இடத்தில் முடிந்துவிட்டது. மிச்சச் சுற்றுகள் அவருக்கு வெறும் பத்திரிகைச் செய்தி.

மேற்குக் கரையில் இதே பாடம் இன்னும் பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது. ஒஸ்லோ கையெழுத்தான காலத்தில் கிழக்கு ஜெரூசலம் நீங்கலாக அங்கிருந்த இஸ்ரேலியக் குடியேறிகள் ஒரு இலட்சத்துக்குச் சற்று அதிகம். 2000ஆம் ஆண்டளவில் இரண்டு இலட்சத்தை நெருங்கினர். பங்கு பிரிக்கப் பேசிக்கொண்டிருக்கும்போதே பாண் குறைந்துகொண்டு போனால், பேச்சைத் தொடரும்படி யாரை நம்பவைப்பது?

நான்காவது: மேசையில் இல்லாதவர்கள்

2002 உடன்படிக்கையில் இரண்டு கையெழுத்துகள்: ரணில் விக்கிரமசிங்க, வேலுப்பிள்ளை பிரபாகரன். படைகளின் தளபதியான ஜனாதிபதி அந்த ஆவணத்தின் தயாரிப்பில் இல்லை. மற்றத் தமிழ்க் கட்சிகள் இல்லை. முஸ்லிம்கள் தனித் தரப்பாக இல்லை.

கடைசியாகச் சொன்னது எனக்கு இன்றும் உறுத்தலாக இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் அனைவரையும் புலிகள் வெளியேற்றினர். அதே வருடம் ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்கள் கொல்லப்பட்டனர். வடக்கு கிழக்கின் எதிர்காலத்தை எழுதும் மேசையில் அந்த மக்களுக்கு ஓர் ஆசனம் கேட்பது நியாயம். 2002 ஏப்ரலில் ரவூப் ஹக்கீமும் பிரபாகரனும் சந்தித்து உடன்பட்டனர். ஆனால் பேச்சுகளுக்கு ஹக்கீம் போனது அரசாங்கக் குழுவின் உறுப்பினராகத்தான். எங்களுக்கு ஓர் உரிமையைக் கேட்கும்போது அதே உரிமையை எங்களிடம் கேட்பவரைக் கதவுக்கு வெளியே நிறுத்தினோம். வெள்ளவத்தையில் இதை அப்போது யாரும் பெரிதாகப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஒஸ்லோவிலும் ஹமாஸ் இல்லை. லெபனானிலும் சிரியாவிலும் ஜோர்தானிலும் முகாம்களில் இருந்த அகதிகளின் கேள்வி பின்னுக்குப் போனது. வெளியே விடப்பட்டவர்களுக்கு ஒப்பந்தத்தைக் காப்பாற்றும் காரணம் எதுவும் இல்லை. முறிக்கும் வலு சிலருக்கு இருந்தது. 1994 பெப்ரவரியில் ஹெப்ரோன் பள்ளிவாசலில் ஒரு குடியேறி 29 பேரைச் சுட்டுக் கொன்றார். ஹமாஸின் தற்கொலைக் குண்டுகள் பஸ்களில் வெடித்தன. 1996 மே தேர்தலில் ஒஸ்லோவை எதிர்த்த நெதன்யாகு ஒரு வீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்றார்.

இங்கே 2005 நவம்பர் 17. புலிகளின் பகிஷ்கரிப்பு. யாழ். மாவட்டத்தில் நூற்றுக்கு இருவர்கூட வாக்களிக்கவில்லை. மஹிந்த ராஜபக்ஷ ஏறத்தாழ 180,000 வாக்குகளால் வென்றார். இரண்டு தேர்தல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரு பக்கத்தின் கடும்போக்கு மறுபக்கத்தின் கடும்போக்கை எப்படித் தெரிவுசெய்கிறது என்பது விளங்கும்.

ஐந்தாவது: நடுவில் நின்றவர்களின் கதி

கொழும்பில் ஓர் உலா போனால் இதை இடம் இடமாகக் காட்டலாம். அமிர்தலிங்கம், 1989 ஜூலை 13, புல்லேர்ஸ் வீதி. நீலன் திருச்செல்வம், 1999 ஜூலை 29, ரொஸ்மீட் பிளேஸ் பக்கம். அதிகாரப் பகிர்வு வரைவை எழுதியவர்களில் முக்கியமானவர். லக்ஷ்மன் கதிர்காமர், 2005 ஓகஸ்ட் 12. இவர்களைக் கொன்றது புலிகள்.

மற்றப் பக்கத்திலும் பட்டியல் உண்டு. ஜோசப் பரராஜசிங்கம், 2005 நத்தார் ஆராதனையில், மட்டக்களப்புத் தேவாலயத்துக்குள். நடராஜா ரவிராஜ், 2006 நவம்பர் 10, கொழும்பில் பட்டப்பகலில். இவ்விரு வழக்குகளிலும் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் விடுவிக்கப்பட்டனர். 2008 ஜனவரி முதலாம் திகதி, கொட்டாஞ்சேனையில் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலில் வருடப்பிறப்புக்குக் கும்பிட வந்த பாராளுமன்ற உறுப்பினர் மகேஸ்வரன் சுடப்பட்டார். மறுநாள் ஜனவரி 2, போர்நிறுத்த உடன்படிக்கையிலிருந்து விலகுவதாக அரசாங்கம் முடிவெடுத்தது. ஜனவரி 16இல் அது நடைமுறைக்கு வந்தது.

ஆறு வருடமாகப் பெயரளவில் உயிரோடிருந்த ஓர் உடன்படிக்கைக்கு இதைவிடப் பொருத்தமான மரண அறிவித்தல் இல்லை. மிதவாதிகளைக் கொன்றுவிட்டால், மிஞ்சுவது ஆயுதம் வைத்திருப்பவரோடு பேச்சு அல்லது போர் என்ற இரண்டு தெரிவுகள். பேச்சு முறிந்தால் மற்றது மட்டும்.

சாதாரண மக்களும் நடுவில் நின்றவர்களே. 2007 ஜூன் 7 விடிய முன்னர் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உட்பட கொழும்பின் லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பினர். வைத்தியத்துக்கு வந்தவர், வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவர், வேலை தேடி வந்தவர். மறுநாளே உயர் நீதிமன்றம் தடையுத்தரவு கொடுத்தது. பிரதமர் வருத்தம் தெரிவித்தார். ஆனால் 2002இல் ஏ9 திறந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து வந்திறங்கியவர்களால் நிரம்பிய அதே லொட்ஜுகள்தாம் இவை. ஐந்து வருடத்தில் சமாதானம் எவ்வளவு தூரம் பின்னால் போனது என்பதை அளக்க எனக்கு வேறு அளவுகோல் தேவைப்படவில்லை.

ஆறாவது: அமுலாக்க ஆளில்லாத உடன்படிக்கை

போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு மீறல்களைப் பதியலாம், தீர்ப்புச் சொல்லலாம். தண்டிக்க முடியாது. 2007 வரை புலிகளுக்கு எதிராக மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மீறல்களும், அரசாங்கத்துக்கு எதிராக முந்நூறுக்கும் மேற்பட்ட மீறல்களும் பதிவாயின. பதிந்ததனால் எதுவும் நிற்கவில்லை. 2006 மே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்தது. உடனே புலிகள், ஒன்றிய நாட்டுக் கண்காணிப்பாளர்கள் வெளியேற வேண்டும் என்றனர். நோர்வேயும் ஐஸ்லாந்தும் மட்டும் மிஞ்சின.

நடுவர்களிடம் காசு இருந்தது. 2003 ஜூனில் டோக்கியோ மாநாடு 4.5 பில்லியன் டொலர் தருவதாகச் சொன்னது. அதற்கு ஆயத்தமாக ஏப்ரலில் வொஷிங்டனில் நடந்த கூட்டத்துக்கு, அங்கே தடைசெய்யப்பட்ட இயக்கம் என்பதால், புலிகள் அழைக்கப்படவில்லை. மேசையில் சமதரப்பு, மேசைக்கு வெளியே சட்டவிரோத அமைப்பு: இந்த முரணைக் கடைசிவரை யாரும் தீர்க்கவில்லை.

உள்நாட்டுச் சட்டமும் ஒரு தடை. ஒற்றையாட்சி என்ற ஏற்பாட்டை மாற்ற மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும். 13ஆவது திருத்தமே 1987இல் நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்றுதான் தப்பியது. சுனாமி நிவாரணத்தைப் பகிர்வதற்கு 2005 ஜூன் 24இல் கையெழுத்தான பொதுக் கட்டமைப்பை மூன்று வாரத்தில் உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. அடுத்த வருடம் ஒக்டோபர் 16இல் வடக்கு கிழக்கு இணைப்புச் செல்லாது என்றது. இரண்டு வழக்குகளிலும் பின்னால் இருந்தது ஜே.வி.பி. இறந்தவர்களுக்காகக்கூட ஒன்றாக வேலை செய்ய ஏலாது என்று தெரிந்தபோதுதான், இனி யுத்தம் வரும் என்று என் அயலில் பலர் பிள்ளைகளை வெளிநாடு அனுப்பத் தொடங்கினர்.

வெற்றிக்குப் பிறகு

2009க்குப் பின் ஏழாவது தடை ஒன்று சேர்ந்தது: வென்றவருக்குப் பேச வேண்டிய அவசியம் இல்லை. 2011இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புடன் நடந்த பேச்சு முடிவின்றி நின்றது. 2016இல் அரசியலமைப்புச் சபை, 2017 செப்டெம்பரில் இடைக்கால அறிக்கை, 2018 ஒக்டோபர் 26இல் அரசியல் சூழ்ச்சி. அறிக்கை அலுமாரிக்குள் போனது. வட மாகாண சபையின் காலம் அதே ஒக்டோபரில் முடிந்தது. அன்றிலிருந்து ஆளுநரின் ஆட்சி. இத்தனை உயிர்களுக்குப் பிறகு சட்டப் புத்தகத்தில் எஞ்சியது 13ஆவது திருத்தம் ஒன்றுதான். அதிலும் காணி, பொலிஸ் அதிகாரங்கள் ஒருநாளும் கைக்கு வரவில்லை.

2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களை வென்றது. மூன்றில் இரண்டு இருக்கிறது. யாழ். மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்று அவர்களிடம். பண்டாரநாயக்கவிடமும் டட்லியிடமும் சந்திரிகாவிடமும் ரணிலிடமும் இல்லாத பலம் இது. அதே சமயம், 1987 உடன்படிக்கையை ஆயுதத்தோடு எதிர்த்ததும், பொதுக் கட்டமைப்பையும் இணைப்பையும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனதும் இதன் மூலக் கட்சியான ஜே.வி.பிதான். அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று தமிழர்களிடம் கேட்கிறார்கள். புதிய அரசியலமைப்பு என்ற வாக்குறுதியின் வரைவு வெளியே வரும் நாளில் அதற்கு விடை தெரியும்.

அந்த நாளில் என் பெறாமகனுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கைகுலுக்கும் படத்தைப் பார்க்காதே. எதிர்க்கட்சித் தலைவர் எங்கே நிற்கிறார் என்று பார். மிகக் கடினமான கேள்வி எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது, அல்லது எழுதாமல் விடப்பட்டிருக்கிறது என்று பார். அந்த மாதத்தில் யாருக்காவது காணி திரும்பக் கிடைத்ததா என்று விசாரி. முஸ்லிம்களும் மலையகத்தாரும் எங்கே இருக்கிறார்கள் என்று தேடு. மாற்றுக் கருத்துச் சொன்ன தமிழருக்கு என்ன பெயர் வைக்கிறார்கள் என்று கேள். மீறினால் யார் தண்டிப்பது என்ற வரியைத் தேடிக் கண்டுபிடி.

காஸாவுக்கும் இவை பொருந்தும் என்றேன். அங்கே ஒரு போர்நிறுத்தம் அறிவிக்கப்படும் ஒவ்வொரு முறையும் நானும் இந்த வரிசையில்தான் செய்தியை வாசிக்கிறேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நீங்கள் அந்த நேரம் இதைக் கேட்டனீங்களோ?" என்றான்.

கேட்கவில்லை. 2002 பெப்ரவரியில் காலி வீதியின் சோதனைச் சாவடிகள் ஒவ்வொன்றாக அகன்றபோது, அது போதும் போலிருந்தது.